பிரேக் இல்லாத வண்டி

போன வாரம் கள்ளக்குறிச்சி டாக்சி ஸ்டாண்டுப் பக்கம் வந்திருந்தேன். நீங்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்றுகொண்டு, புதிதாக வந்திருக்கிற ஏதோ ஒரு சின்னக் காரைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தீர்கள். பிக்கப் இல்லையாம், பின்சீட்டில் கால் நீட்ட முடியாதாம், பேப்பரில் செய்த மாதிரி இருக்கிறதாம். யாராவது ஓட்டிப் பார்த்தீங்களாடா என்று கேட்டேன். ஒருத்தன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஓட்டி வேற பாக்கணுமாண்ணா? அதான் ரிவியூ பாத்தோம் இல்ல" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? இந்த ஸ்டாண்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொன்ன டிரைவர் என் காலத்திலேயே கிடையாது. உங்களுக்காவது போன் இருக்கிறது. எங்களுக்கு அதுகூட இல்லாமலேயே எல்லாம் தெரிந்திருந்தது.

முப்பத்தாறு வருஷம் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறேன். அதில் வண்டிகளைப் பற்றி நான் உதிர்த்த கருத்துகளை மூட்டை கட்டினால் ஒரு லாரி வேண்டும். முக்கால்வாசி காற்றோடு போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. அது ஒரு மனுஷியின் உயிரைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தது. வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் போய்ப் போனைப் பாருங்கள், யார் வேண்டாம் என்றது?

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. திடீரென்று மறியல் என்பார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்ப்பார்கள். ஒரு வாரத்துக்கு பஸ் இருக்காது, பெட்ரோல் பங்க் திறக்காது. நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. ரோடு மூடியிருந்தது, அவ்வளவுதான் டிரைவருக்கு வேண்டிய சேதி.

ஸ்டாண்டில் அப்போது எட்டு வண்டிகள். எட்டும் அம்பாசடர். எங்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் பெருமாள் அண்ணன். எந்தக் காராக இருந்தாலும் கதவை ஒரு தடவை திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டு, அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு பேச அந்த ஸ்டாண்டில் ஒருத்தனுக்கும் நாக்கு கிடையாது, என்னையும் சேர்த்து.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு டாக்டரம்மா சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். புதன்கிழமைதோறும் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலையில் உட்கார்ந்து மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வருவார். அதற்கென்று ஒரு கார் வாங்கினார். ஐரோப்பாப் பக்கத்து ஊர்களில் சந்துக்குச் சந்து ஓடும் என்பார்களே, அந்த மாதிரி. குட்டையாக, பின்பக்கம் மொட்டையாக, டிக்கிக்குப் பதிலாக மேலே தூக்கித் திறக்கிற ஒரு கதவோடு. கம்பெனி பெயர் வேண்டாம். இன்றைக்கும் அவன் எனக்கு ஒரு டீ வாங்கித் தரப்போவதில்லை.

வண்டியை ஸ்டாண்டு எதிரில் நிறுத்தி, டிரைவர் வேண்டும் என்று கேட்க வந்தார். எல்லாரும் சூழ்ந்துகொண்டோம்.

"இன்னாடா இது, பின்னாடி பாதிய எவனோ வெட்டிக்கினு பூட்டான்?"

"எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டாப்ல கீது."

"கல்யாண சவாரின்னா நம்ம வண்டியில பதினோரு பேரு ஏறுவாங்க. இதுல இன்னா பண்றது? மாப்பிள்ளைய மட்டும் ஏத்திக்கினு பொண்ண நடந்து வரச் சொல்றதா?"

பெருமாள் அண்ணன் கதவைத் திறந்து மூடினார். கண்ணை மூடிக் கேட்டார். "டப்புன்னு கேக்குது. காருன்னா டொம்முன்னு கேக்கணும். இது காரு இல்லம்மா, சோப்பு டப்பா. மலையில ரெண்டாவது வளைவு தாண்டாது."

டாக்டரம்மாவுக்கு முகம் மாறவில்லை. "யாராவது ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்களேன்" என்று சாவியை நீட்டினார்.

"எதுக்கும்மா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றார் பெருமாள் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். இன்றைக்கு நான் கேட்கிறேன், அந்த ஒரு சோற்றையாவது எவன் வாயில் போட்டுப் பார்த்தான்?

நான் ஓட்டிக்கொண்டிருந்த அம்பாசடரை அதன் முதலாளி அந்த மாதம்தான் விற்றிருந்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இரண்டு நாள் கழித்து, யாருக்கும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். டீ குடிக்க ஸ்டாண்டுக்கு வரும்போது வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வருவேன். கள்ளச்சாராயம் கடத்துகிறவன்கூட அவ்வளவு ஒளிந்திருக்க மாட்டான்.

ஒரே மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வண்டி மலையில் வெள்ளாடு மாதிரி ஏறியது. அம்பாசடர் இரண்டு தடவை நின்று தண்ணீர் குடிக்கிற இடத்தில் இது மூச்சு விடாமல் போனது. வளைவில் ஒடித்தால் ஒடிந்தது. எப்படியோ விஷயம் வெளியே தெரிந்து ஸ்டாண்டில் கேட்டார்கள், "இன்னா ஏழுமலை, சோப்பு டப்பா எப்பிடி ஓடுது?" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னா பண்றது, சம்பளம் குடுக்கறாங்களே" என்றேன். கையில் பிடித்து ஓட்டி, காலால் மிதித்துத் தெரிந்துகொண்ட ஒன்றை, எட்டு பேர் முகத்துக்கு எதிரில் சொல்ல எனக்குத் துப்பில்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிடுவோம். கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியை உருள விட்டு, பிரேக்கிலேயே மலையடிவாரத்துக் கோமுகி அணை வரை வந்துவிடுவோம். எண்ணெய் மிச்சம் என்பது பேச்சுக்கு. அசல் காரணம் வீம்பு. வழியில் சாவியைத் தொட்டவன் கையாலாகாதவன். 'ஏத்தத்துக்கு பெட்ரோலு, எறக்கத்துக்கு மாரியாத்தா' என்று ஸ்டாண்டில் ஒரு சொலவடையே ஓடியது. எங்கள் அம்பாசடரில் பிரேக்குக்குத் துணை கிடையாது. இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உன் கால் பலம்தான் பிரேக். அதனால் தப்பித்துக்கொண்டிருந்தோம். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சேர்ந்த அன்றைக்கே டாக்டரம்மா வண்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார். இந்த வண்டியில் இன்ஜின் ஓடும்வரை அதுவும் சேர்ந்து பிரேக்கை மிதிக்கும். அணைத்துவிட்டால் இரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும். "இறக்கத்துல கண்டிப்பா ஆஃப் பண்ணக்கூடாது, ஏழுமலை."

நான் சிரித்தேன். "புக்கப் பாத்தா வண்டி ஓட்டக் கத்துக்கறது டாக்டரம்மா?"

"பிரசவம் பார்க்க நான் புக்கைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்" என்றார் அவர். நான் தலையாட்டினேன். தலை மட்டும்தான் ஆடியது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

சம்பவம் நடந்த புதன்கிழமைக்கு மூன்று நாள் முன்பே மறியல் தொடங்கிவிட்டது. மலைப்பக்கத்து ரோட்டில் இன்னும் மரம் விழவில்லை. ஆனால் பங்க்குகள் எல்லாம் மூடிக் கிடந்தன. டேங்கில் கொஞ்சம்தான் இருந்தது. போக வேண்டாம் என்றேன். டாக்டரம்மா கேட்கவில்லை. வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது எங்களுக்காக ஒரு பெண் காத்திருந்தாள். தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி எடுத்து, பிள்ளை இறங்காமல், கண் சொருகிக் கிடந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "கீழே கொண்டுபோகணும், இப்பவே."

பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்து, சீட்டுக்குக் கீழே இடுக்கில் டாக்டரம்மா முழங்காலிட்டுக்கொண்டார். முன்சீட்டில் அவள் புருஷன். காரில் ஏறுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கண்ணை இறுக மூடிக்கொண்டு "கரியராமா, கரியராமா" என்று மலைச்சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

பெட்ரோல் முள் அடியில் படுத்துவிட்டது. நான் கணக்குப் போட்டேன். இறக்கம் முழுக்க இன்ஜின் ஓடினால் கச்சிராயபாளையம் தாண்டுவதே சந்தேகம். அப்புறம் நடு ரோட்டில் இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அணைத்துவிட்டால் கள்ளக்குறிச்சி வரை நிச்சயம். பின்னால் கேட்டிருக்கலாம். 'பெட்ரோல் கம்மி, அணைக்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை. டிரைவருக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரிந்துவிடும் என்ற மண்டைக்கனம் கேட்க விடவில்லை. சாவியைத் திருப்பினேன்.

இன்ஜின் அடங்கியது. காற்று மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல். வயிற்றில் வைத்துக் கேட்கிற மரக்குழலில் காதை வைத்தபடியே அந்தப் பெண்ணிடம் சொன்னார், "இருக்கு. புள்ள நல்லா இருக்கும்மா. தைரியமா இரு." எனக்குக் கர்வம் தாங்கவில்லை. பார்த்தாயா, எவ்வளவு அலுங்காமல் கொண்டுவருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதில் பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாவதில் பாறையை மிதித்த மாதிரி கால் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

தம்பிகளா, அந்த நேரத்தில் மூளை வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு காலாலும் மிதித்தேன். கியருக்குள் தள்ளப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியது, விழவில்லை. இடதுபக்கம் பள்ளம். வலதுபக்கம் மலையை வெட்டிய மண்சுவர். எதிரில் பஸ் வந்தால் எல்லாரும் காலி. அப்போதுதான் மறியல் ஞாபகம் வந்தது. பஸ்ஸே ஓடவில்லையே, எது வரும்? வலதுபக்கம் ஒடித்தேன். வண்டி மண்சுவரை உரசிக்கொண்டே நூறு அடி போய், ரோடு போடக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது.

என் பக்கத்துக் கதவு நசுங்கித் திறக்கவில்லை. யாருக்கும் பெரிய அடி இல்லை. டாக்டரம்மாவின் நெற்றியில் மட்டும் முன்சீட்டுக் கம்பி பட்டு ரத்தம். அதைத் துடைக்காமலே கேட்டார், "என்ன ஆச்சு?"

"பிரேக்கு புடிக்கல டாக்டரம்மா."

"இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஓடிக்கினுதாம்மா இருந்துது" என்றேன்.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை நான். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் "கிளப்புங்க" என்றார். கிளப்பினேன். இன்ஜின் ஓடியதும் பிரேக் பூ மாதிரி பிடித்தது. புருஷன்காரன் கடைசிவரை கண்ணைத் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி பெட்ரோலின் வாசனையில்தான் வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலமே அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன.

மறுநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, முழு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "நாளையிலேர்ந்து வர வேணாம், ஏழுமலை" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே.

நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். வேலை ஏன் போயிற்று என்று சொல்ல ஒரு கதை வேண்டும். "அதுல பிரேக்கே கெடையாதுண்ணே. மலையில கைய விட்டுட்டுது. என் கைத்தெறமையால நாலு உசுரு தப்பிச்சுது. நான் இனிமே ஓட்ட மாட்டேன்னு சாவிய வீசிட்டு வந்துட்டேன்" என்றேன். பெருமாள் அண்ணன் தொடையில் தட்டினார். "கதவு சத்தத்துலயே நான் சொல்லல?" அன்றைக்கு எனக்கு எட்டு பேரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. எனவே மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். சேலத்து மெக்கானிக்கே பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான் என்றேன். சேலத்தை நான் பார்த்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா வேறு டிரைவர் தேடவில்லை. தானே ஓட்ட ஆரம்பித்தார். புதன்கிழமை காலையில் அந்த நசுங்கிய கதவோடு ஸ்டாண்டைத் தாண்டி மலைக்குப் போவார். சாயங்காலம் திரும்பி வருவார். வாராவாரம் போய் வாராவாரம் திரும்புகிற வண்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கி வராது பாரு" என்று பந்தயம் கட்டுவார்கள் எங்கள் ஆட்கள். வந்ததும், "அடுத்த வாரம் பாரு" என்பார்கள். கண்ணால் பார்ப்பதற்கும் கருத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு மாதம் கழித்து, கிடைத்த சவாரிக்கு அடுத்தவன் வண்டியில் ஆக்டிங் டிரைவராக உளுந்தூர்பேட்டை போயிருந்தேன். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர் எனக்கே அந்தக் கதையைச் சொன்னான். "கள்ளக்குறிச்சியில ஒரு டாக்டரம்மா வண்டி தெரியுமா? மலையிலேர்ந்து எட்டு குட்டிக்கரணம். டிரைவரு அங்கயே குளோஸ்."

"செத்தே பூட்டானா?" என்று கேட்டேன்.

"நம்ம மச்சான் பாடிய பாத்தானே" என்றான் அவன். என் பாடி எதிரில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினேன். ரிஷிவந்தியத்துக்கும் களமருதூருக்கும்கூட அந்தப் பேச்சு போய்விட்டது என்று தெரிந்தபோதும் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

இரண்டாவது மறியல் வந்தது. முதலாவதைவிடக் கடுமை. ஒரு பகலில், பெருமாள் அண்ணன் தன் சம்சாரத்தைக் கைத்தாங்கலாக டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். எனக்கு அவர் அண்ணி. வேலையில்லாமல் சுற்றிய மாதங்களில் கணக்குப் பார்க்காமல் எனக்குச் சோறு போட்டவர். வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், முகம் வெளுத்திருந்தது. குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தாக வேண்டும், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரவில்லை என்றால் தாங்காது என்றார் டாக்டரம்மா.

பெருமாள் அண்ணன் தன் அம்பாசடரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தியாகதுருகம் போவதற்குள் ரோட்டை மூடிக்கொண்டு ஒரு புளியமரம். ஓரத்தில் இருந்த இடத்தில் அந்தப் பெரிய வண்டி நுழையவில்லை. திரும்பிவிட்டார். போக ஒன்று, வர ஒன்று என்று நேரம் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாண்டு முழுக்கக் கூடி நின்றது. நானும் நின்றேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "என் கார்ல போகலாம். அது சின்னது, ஓரத்துல நுழைஞ்சுடும். இல்லேன்னா நாலு பேர் தூக்கிக்கூட வச்சிடலாம். ஏத்துங்க."

பெருமாள் அண்ணன் பின்னால் நகர்ந்தார். "வேணாம்மா."

"ஏன்?"

"பிரேக்கு இல்லாத வண்டியில எம் பொண்டாட்டிய ஏத்த மாட்டேன். சாவறதுன்னா மரியாதையா இங்கயே சாவட்டும்."

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே அண்ணி முனகுவது வாசல்வரை கேட்டது.

உங்களிடம் மறைப்பானேன், அப்போதும் எனக்கு முதலில் வாயில் வந்தது இன்னொரு பொய்தான். "அண்ணே, பிரேக்க இப்ப சரி பண்ணிட்டாங்கண்ணே. நான் பாத்தேன். ஏத்துங்க" என்றேன். காரியம் நடந்துவிடும், மானமும் தப்பிவிடும்.

பெருமாள் அண்ணன் திரும்பினார். "சேலத்து மெக்கானிக்கே கைய விரிச்சிட்டான்னு நீதானடா சொன்ன?"

என் பொய்யை நானே அவ்வளவு கெட்டியாகக் கட்டி வைத்திருந்தேன். அதை இடிக்கிற பொய் எனக்குத் தெரியவில்லை.

"பிரேக்கு போவவே இல்லண்ணே" என்றேன். "நான் எறக்கத்துல இன்ஜின அணைச்சேன்."

"அணைச்சா இன்னா? நாம அணைக்காததா?"

"நம்ம வண்டி வேறண்ணே. இதுல அணைச்சா பிரேக்கு கல்லாப்பூடும். அந்தம்மா மொத நாளே சொன்னாங்க. புக்குல எழுதிக்கீது. நான்தான் கேக்கல. ஓடிக்கினு இருந்துதுன்னு அவங்ககிட்டயும் பொய் சொன்னேன். வண்டி மேல ஒரு குத்தமும் இல்லண்ணே. வெள்ளாடு மாரி ஓடும். நான் சாவிய வீசல, அவங்கதான் என்ன அனுப்பிட்டாங்க."

பெருமாள் அண்ணன் என் முகத்தைப் பார்த்து "தூ" என்று துப்பினார். அது என் சட்டையில் பட்டது. நான் துடைக்கவில்லை. அவர் உள்ளே போய் அண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தச் சோப்பு டப்பாவின் பின்சீட்டில் படுக்க வைத்தார்.

டாக்டரம்மா பின்னால் இருந்தாக வேண்டும். வண்டியை யார் ஓட்டுவது? அவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

"இவனா?" என்றார் பெருமாள் அண்ணன்.

"இந்த வண்டியில எதைப் பண்ணக்கூடாதுன்னு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே டிரைவர் இவர்தான்" என்றார் டாக்டரம்மா.

வழியில் மூன்று இடத்தில் மரம். இரண்டு இடத்தில் ஓரத்து வரப்பில் ஏறி நுழைந்துவிட்டோம். மூன்றாவது இடத்தில் வழியே இல்லை. கையில் அரிவாளோடு பையன்கள் நின்றார்கள். அவர்களில் பெரியவன் குனிந்து உள்ளே பார்த்தான். அண்ணி கிடந்த கிடையைப் பார்த்ததும் நிமிர்ந்து, "தூக்குங்கடா" என்றான். முதலில் அண்ணியைப் போர்வையோடு மரத்துக்கு அந்தப் பக்கம் சேர்த்தார்கள். அப்புறம் பத்துப் பதினைந்து பேர் வண்டியைச் சுற்றிக் கைகொடுத்தார்கள். பெருமாள் அண்ணன் பின்பக்கத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தார். எந்த மொட்டைப் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாரோ அதற்கு அடியில். ஒரு தம் கட்டினார்கள், வண்டி மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

"இன்னா வண்டிடா இது, இலவம் பஞ்சு மாரி கீது" என்றான் ஒருத்தன். பெருமாள் அண்ணன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். எங்கள் அம்பாசடராக இருந்தால் அத்தனை பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு மரமாகக் கிடந்திருப்பார்கள்.

பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணி பிழைத்தார். அதற்கப்புறமும் வெகு வருஷங்கள் இருந்து, என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வாடா பிரேக்கு" என்றுதான் கூப்பிட்டார்.

பெருமாள் அண்ணன் இரண்டு வாரம் கழித்து ஸ்டாண்டுக்குத் திரும்பினார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார், "இன்னா இருந்தாலும் அதுல டிக்கி கம்மிடா." அதுதான் ஸ்டாண்டின் திருத்தப்பட்ட கருத்து. எல்லாரும் தலையாட்டினார்கள். போனில் நீங்கள் பார்க்கிற கருத்துகளும் இப்படித்தான் பிறக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து டாக்டரம்மாவும் நானும் மட்டும் மறுநாள் காலையில் திரும்பி வந்தோம். விழுப்புரம் தாண்டியதும் கேட்டேன், "எம்மேல உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துதும்மா?"

"சந்தேகம் எதுக்கு? அன்னைக்கே தெரியும்."

"இன்ஜின அணைச்சதுக்குத்தானே வேலைய விட்டு அனுப்பினீங்க?"

"இல்ல. ஓடிக்கிட்டு இருந்துச்சான்னு கேட்டேனே, அதுக்கு நீங்க சொன்ன பதிலுக்கு."

எனக்கு ஆறவில்லை. பின்னால் முழங்காலிட்டு, ஒரு பிரசவக்காரியோடு போராடிக்கொண்டிருந்தவருக்கு இன்ஜின் அணைந்தது எப்படித் தெரியும்? அதையும் கேட்டேன். அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்.

"வெள்ளிமலையிலேர்ந்து கிளம்பினதுலேர்ந்து அந்தப் பொண்ணு வயித்துல குழலை வச்சு வச்சு எடுக்கறேன். இன்ஜின் இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கல. குழந்தை போயிடுச்சுன்னே நினைச்சுட்டேன். அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. திடீர்னு துடிப்பு கேட்டுச்சு, ஏழுமலை. அவ்வளவு தெளிவா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவகிட்ட சொன்னேன், புள்ள நல்லா இருக்குன்னு. அதைச் சொல்லி முடிச்சப்புறம்தான் தோணுச்சு, இவ்வளவு தெளிவா எப்படிக் கேக்குதுன்னு. உங்களைக் கூப்பிட வாயெடுத்தேன். அதுக்குள்ள மூணாவது வளைவு வந்துடுச்சு."

சொல்லிவிட்டு அவர் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எதிரில் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டி இறக்கம். என் கை, பன்னிரண்டு வருஷப் பழக்கம், தானாகச் சாவிப் பக்கம் போயிற்று. தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.